இன்று எவ்வளவு நடக்கலாம் என்பதை நாளைக் காலை முழங்கால் சொல்லும்

வந்த கேள்வி இது: "எனக்கு 61 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார். வீட்டிலோ, ஏற்கெனவே தேய்ந்ததை நடந்து நடந்து இன்னும் தேய்க்கப் போகிறீர்களா என்கிறார்கள். போன வாரம் தைரியமாக 50 நிமிடம் நடந்தேன். நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை, மூன்று நாள் படுத்துவிட்டேன். நான் நடக்கலாமா, கூடாதா?"

நடக்கலாம். நடந்தே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் 50 நிமிடம் வேண்டாம். இப்போதைக்கு 10 நிமிடம்கூட அதிகம்.

நான் பிசியோதெரபிஸ்ட். மூட்டுவலியோடு வருகிறவர்களை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன். நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி, "நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை" என்பது. பெரும்பாலானவர்கள் ஏமாறுகிற இடம் அதுதான். உடம்பு சூடேறியதும் வலி அமுங்கிவிடும். காலும் சொன்னபடி கேட்கும். இவ்வளவு நாள் வீணாகப் பயந்தோமே என்று இன்னொரு சுற்று போவோம். அதற்கான பில் ராத்திரிதான் வரும். அதனால் எவ்வளவு நடக்கலாம் என்பதை நடக்கும் நேரத்தில் முடிவு செய்யாதீர்கள். மறுநாள் காலை முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் இதை ஒட்டித்தான்.

முதலில் வீட்டார் சொல்வதை எடுத்துக்கொள்வோம், அவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். தப்பு அந்தத் 'தேய்மானம்' என்ற சொல்லில் இருக்கிறது. அதைக் கேட்டதும் செருப்பின் அடிப்பாகமோ வண்டி டயரோதான் நினைவுக்கு வரும். ஓட ஓடத் தேயும், ஓட்டாமல் நிறுத்திவைத்தால் மிச்சமாகும். முழங்கால் அந்த மாதிரிப் பொருள் இல்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு உயிருள்ளது, அதற்குள் செல்கள் இருக்கின்றன. ஆனால் அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. சாப்பாடு வருவது பெரும்பாலும் மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்துதான். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு நனைந்த பஞ்சு மாதிரி அமுங்கித் திரவத்தை வெளியே விடுகிறது, காலை எடுக்கும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அமுங்குவதும் விரிவதும் நடந்தால்தான் உள்ளே ஊட்டம் போகும். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் அந்த வேலை நடக்காது.

நடந்தால் போன குருத்தெலும்பு திரும்ப வளருமா என்றால், வளராது. அப்படிச் சொல்லி எதையாவது விற்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். ஆனால் நடந்து நடந்தே மூட்டு கெட்டுவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் பல பத்தாண்டுகளாக மக்களைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அங்கே நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் வைத்து 2007ல் வெளியான ஆய்வில், நடைப்பயிற்சியோ மெதுவோட்டமோ முழங்கால் தேய்மானத்தை அதிகப்படுத்தவில்லை. எடை அதிகமானவர்களிடமும் அதே முடிவுதான். ஏற்கெனவே தேய்மானம் இருக்கிற 50 வயது தாண்டியவர்களைப் பற்றி 2022ல் இன்னொரு ஆய்வு வந்தது. உடற்பயிற்சியாக நடந்தவர்களுக்கு, அடிக்கடி வரும் முழங்கால் வலி புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. நடக்க முடிந்தவர்கள்தானே நடந்திருப்பார்கள் என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான், அந்த வகை ஆய்வில் அந்தச் சந்தேகம் இருக்கவே செய்யும். ஆனாலும் நடந்தவர்களுக்கு மூட்டு சீக்கிரம் போய்விட்டது என்று அது காட்டவில்லையே. உங்கள் வீட்டாருக்கு அது போதும்.

எக்ஸ்ரே பற்றியும் ஒரு வார்த்தை. படத்தில் மூட்டு மோசமாகத் தெரிகிற சிலர் சாதாரணமாக நடமாடுகிறார்கள். படம் கிட்டத்தட்டச் சுத்தமாக இருக்கிற சிலர் படியில் கால் வைக்க முடியாமல் தவிக்கிறார்கள். படமும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அந்த ஃபிலிமை அலமாரியில் வைத்துவிட்டு உங்கள் காலைக் கவனியுங்கள்.

நடக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழங்காலைத் தாங்குகிற பெரிய தூண் தொடையின் முன்பக்கத் தசை. மூட்டில் வலியோ நீரோ இருந்தால் நரம்பு மண்டலம் அந்தத் தசைக்குப் போகும் கட்டளையைத் தானாகவே குறைத்துவிடுகிறது. அதோடு பயந்து நாமும் உட்கார்ந்துவிட்டால் தசை வேகமாக இளைக்கும். தசை தாங்க வேண்டிய அதிர்ச்சி மூட்டுக்குப் போகும், வலி கூடும், இன்னும் உட்காருவோம். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது" என்று வருகிறவர்களில் பலர் இந்தச் சுழலில் மாட்டியவர்கள்தான்.

சரி, எவ்வளவு நடப்பது?

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடப் பழகுங்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது. டென்மார்க்கில் 2013ல் தொடங்கி இப்போது பல நாடுகளில் நடக்கும் 'கிளாட்' என்ற மூட்டுவலிப் பயிற்சித் திட்டத்தில், பயிற்சியின்போது 5 வரை வலி வரலாம் என்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் 3, 4 என்று கொஞ்சம் கஞ்சத்தனமாகவே சொல்வேன். எண்ணைவிட முக்கியம் அதற்கப்புறம் நடப்பது. நடந்து முடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் நடப்பதற்கு முன் இருந்ததைவிட வலி கூடுதலாகவே இருந்தால் அன்றைய அளவு அதிகம். மறுநாள் காலை வழக்கத்தைவிட விறைப்போ வீக்கமோ இருந்தாலும் அதிகம். அப்படி ஆனால் அடுத்த முறை கால்வாசியோ பாதியோ குறையுங்கள். நடப்பதையே நிறுத்திவிடாதீர்கள்.

தொடக்கத்தில் வலி கொஞ்சம் கூடுவது சகஜம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்' 2022ல் வெளியிட்ட பரிந்துரையிலும் இது இருக்கிறது: பயிற்சியைத் தொடங்கும்போது வலி கூடலாம், விடாமல் தொடர்ந்தால் மூட்டுக்கு நல்லது, இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்கிறார்கள். சொல்லாமல் விட்டால் முதல் வாரத்திலேயே பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள், அது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

உங்கள் தொடக்கப் புள்ளியை இப்படிப் பிடியுங்கள். நல்ல நாளில் எவ்வளவு முடியும் என்று பார்க்காதீர்கள். சுமாரான ஒரு நாளில் சங்கடம் இல்லாமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். 12 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதிலும் கொஞ்சம் கழித்து 8 நிமிடத்தில் தொடங்குங்கள். காலையில் ஒரு 8, மாலையில் ஒரு 8. ஒரு வாரம் முழுக்க அதே 8தான். மறுநாள் காலைகள் சமாதானமாக இருந்தால் அடுத்த வாரம் 9 அல்லது 10. கால் நன்றாக இருக்கிற நாளிலும் 8 நிமிடத்தில் நிறுத்த வேண்டும். இதுதான் கஷ்டம். மோசமான நாளில் குறைத்துக்கொள்ள எல்லோருக்கும் தெரியும், நல்ல நாளில் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி வர யாருக்கும் மனசு வருவதில்லை. விட்டதையெல்லாம் அன்றே பிடித்துவிடப் பார்ப்போம். 50 நிமிடம் நடந்து மூன்று நாள் படுத்தால் நான்கு நாளுக்கு 50 நிமிடம் ஆகிறது. தினம் 16 நிமிடம் நடந்தால் அதே நான்கு நாளில் 64. மெதுவாகப் போகிறவர்தான் இங்கே அதிகம் நடக்கிறார்.

ஒரு சின்ன நோட்டில் இரண்டே விஷயம் எழுதுங்கள்: இன்று எத்தனை நிமிடம், மறுநாள் காலை வலி எத்தனை. மூன்று வாரம் எழுதினாலே உங்கள் மூட்டின் சுபாவம் தெரிந்துவிடும். எதனால் வலி கூடியது என்பதும் பிடிபடும். சில சமயம் நடைமேல் பழி போட்டிருப்போம், பார்த்தால் அன்று இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து எதையாவது ஒழுங்குபடுத்தியிருப்போம்.

10,000 அடி நடந்தால்தான் பலன் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த எண் 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 'மான்போ கெய்' என்றால் பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களையும் அது வரும் நிலையில் இருப்பவர்களையும் வைத்து 2014ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரு நாளில் சுமார் 6,000 அடி நடந்தவர்களுக்கு இரண்டு வருடம் கழித்தும் நடமாட்டம் பெரிதாகக் குறையவில்லை. வீட்டுக்குள் அங்கும் இங்கும் போவதும் அந்த 6,000ல் சேர்ந்ததுதான். நீங்கள் இப்போது 2,500ல் இருந்தால் 3,000தான் அடுத்த இலக்கு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது. முன்பு ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் அது கணக்கில் வரும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள், 2020ல் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஐந்தைந்து நிமிடமாக நடந்து சேர்த்தாலும் செல்லும்.

எப்போது நடப்பது? விடியற்காலைதான் உத்தமம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்கு எழுந்த உடனே இருக்கும் நேரம் பெரும்பாலும் மோசமானது, விறைப்பு அப்போதுதான் அதிகம். படுக்கையிலேயே குதிகாலை மெத்தையில் இழுத்து முழங்காலைப் பத்துப் பதினைந்து தடவை மடக்கி நீட்டுங்கள். குளித்துவிட்டு, வீட்டுக்குள் கொஞ்சம் நடமாடிவிட்டு, அப்புறம் கிளம்புங்கள். சாயங்காலம்தான் கால் இலேசாக இருக்கிறது என்றால் சாயங்காலமே நடங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு அதிக தூரம் போவது மட்டும் வேண்டாம், கணக்குச் சொல்லும் வாயை அடைத்துவிட்டுக் கணக்குக் கேட்பது மாதிரி அது. மாத்திரைகளை நீண்ட நாள் தொடர்ந்தால் வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் என்று வேறு பிரச்சினைகளும் வரலாம். மேலே தடவும் வலி ஜெல் முழங்காலுக்கு ஓரளவு நன்றாகவே வேலை செய்யும், எது பொருந்தும் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

வேகம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற அளவு போதும். அடியை நீளமாக எடுத்து வைக்காதீர்கள், சின்னச் சின்ன அடியாக வையுங்கள், ஒவ்வோர் ஊன்றலிலும் முழங்காலுக்குப் போகும் சுமை குறையும். சமதரையில் நடங்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலுக்குக் கஷ்டம், படியும் அப்படித்தான். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைப்பிடி இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காலில் போடுவது எது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ரொம்ப நாள் வாதம் இருந்தது. மெல்லிய, வளைந்துகொடுக்கும் ஷூ நல்லது, அது வெறுங்காலில் நடப்பதுபோல மூட்டுச் சுமையைக் குறைக்கும் என்று ஒரு தரப்பு சொன்னது. 2021ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு வகையையும் ஆறு மாதம் போடவைத்துப் பார்த்தார்கள். நடக்கும்போது வரும் வலி அதிகமாகக் குறைந்தது, கெட்டியாகத் தாங்கிப் பிடிக்கிற ஷூ போட்டவர்களுக்குத்தான். ஆகவே குதிகால் ஆடாமல் பிடிக்கிற, அடி ரொம்பத் தேயாத ஷூவாகப் பாருங்கள். விலை அதிகமான ஷூதான் நல்லது என்று ஒன்றும் இல்லை.

கைத்தடி என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் அதிகம். ஒரு கால் மட்டும் மோசம் என்றால் தடி நல்ல உதவி. ஆனால் பலர் அதை வலிக்கிற பக்கத்துக் கையிலேயே பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலி என்றால் தடி இடது கையில், வலது காலும் தடியும் சேர்ந்து முன்னே போக வேண்டும். கையைத் தொங்கவிட்டு நேராக நிற்கும்போது தடியின் தலை மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு வந்தால் அளவு சரி. நடைக்கு மட்டும் எடுத்துப்போங்கள், வீட்டுக்குள் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. தடி பிடித்து 20 நிமிடம் நடப்பவர், பிடிக்காமல் 5 நிமிடத்தில் உட்காருபவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார்.

எடையைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேச்சு வாங்கியிருப்பீர்கள், நானும் சேர்ந்து திட்டப்போவதில்லை. எடை கூடுதலாக இருந்தால் இந்த ஒரு கணக்கு உற்சாகம் தரும்: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ சுமை குறைகிறது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். நடையால் மட்டும் எடை பெரிதாகக் குறைந்துவிடாது, சாப்பாடும் மாற வேண்டும்.

நடை மட்டும் போதாத இன்னொரு இடம் தசை. நடப்பதால் தொடைத்தசை பெரிய பலம் பெறுவதில்லை. உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். எட்டுப் பத்து தடவை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். முடியவில்லை என்றால் நாற்காலியில் ஒரு மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதுவும் கஷ்டம் என்றால் மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, மற்ற காலை நேராக ஓர் அடி உயரம் தூக்கி ஐந்து எண்ணிவிட்டு இறக்குங்கள். நடையே முடியாத நாட்களில் மார்பளவுத் தண்ணீரில் நடக்க வசதி இருந்தால் அருமை, காலில் இறங்கும் எடை பாதிக்கும் மேல் குறைந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் தேய்மானத்துக்கு. முடக்குவாதம் என்கிற ருமாட்டாய்டு வகைக்குக் கணக்கு வேறு. தேய்மானத்தில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். ருமாட்டாய்டில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும், விரல்களின் சிறு மூட்டுகள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கும். உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டைத் தாக்குகிற நோய் அது, அதற்கு மருந்து கட்டாயம் வேண்டும், நடை மருந்துக்குப் பதில் ஆகாது. மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாட்களில் நீண்ட நடையை நிறுத்திவைத்து, மூட்டை மெல்ல மடக்கி நீட்டுவதோடு இருந்துவிடுங்கள். வீக்கம் அடங்கியதும் நடைக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த நோய் உள்ளவர்களுக்கு இதயநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம், அதனால் நடை அவர்களுக்கு இன்னும் அவசியம்.

எப்போது நடையை விட்டுவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்? மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே போங்கள், அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், ரத்தக்கட்டியோ என்று உடனே பார்த்துவிட வேண்டும். முழங்கால் மடங்கினபடியே பூட்டிக்கொண்டாலோ, நிற்கும்போது பிடி விட்டு மடங்கினாலோ காட்டுங்கள். நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றதும் சில நிமிடத்தில் விட்டால், கோளாறு மூட்டில் இல்லாமல் ரத்த ஓட்டத்தில் இருக்கலாம். நின்றால் விடாமல், உட்கார்ந்தால் அல்லது முன்னே குனிந்தால்தான் விடுகிறது என்றால் முதுகெலும்பைப் பார்க்க வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கலோ வந்தால் என்ன செய்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், நடந்து வந்ததும் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள், கொப்புளம் இருந்தால் வலி சொல்லித் தராது.

உங்கள் 50 நிமிடத்துக்கு வருகிறேன். கூட யாராவது வேகமாக நடப்பவர் வந்திருந்தாரா? கேட்பதற்குக் காரணம், தனியாகப் போகிறவர்கள் இவ்வளவு தூரம் போவது அபூர்வம். துணை இருப்பது நல்லதுதான், நாள் தவறாமல் கிளம்ப வைக்கும். அவரோடேயே போங்கள். ஆனால் 8 நிமிடம் என்றால் போக 4, வர 4. போகும்போது 8 நிமிடமும் நடந்துவிட்டு, வீடு அங்கே இருக்கிறதே என்று அப்புறம் திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்காவது நிமிடத்தில் அவர் பாட்டுக்கு மேலே போகட்டும், நீங்கள் கையாட்டிவிட்டுத் திரும்புங்கள். இரண்டு வாரத்தில் அந்தத் திருப்பம் ஒரு வீடு தள்ளி வரும்.